பல் இல்லாத தாத்தா தேவை

"பையன் என்ன படிக்கிறான்?"

"பல் டாக்டருக்கு."

"அடடா... எம்.பி.பி.எஸ். கிடைக்கலையா?"

தமிழ்நாட்டில் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் இந்த மூன்று வரி வசனத்தைக் கேட்கலாம். மூன்றாவது வரியைச் சொல்கிறவர் பெரும்பாலும் வாயில் ரெண்டு பல் ஆடிக்கொண்டிருக்கிற ஆசாமியாகவே இருப்பார். கேட்டுவிட்டு, "அதுவும் நல்ல படிப்புதான்" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் ஆறுதல் வேறு.

என் அக்கா ஐந்து வருஷமாக இதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் பையன் பி.டி.எஸ். நாலு வருஷப் படிப்பை முடித்து, இப்போது ஒரு வருஷ இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறான். நான் தாய்மாமன். காது குத்தும்போது மடியில் உட்கார்த்தி வைத்துக்கொண்ட ஒரே பாவத்துக்காக, இதுவரை மூன்று தடவை அவனிடம் வாயைத் திறந்து காட்டியிருக்கிறேன். நான் பி.காம். எனக்கும் மருத்துவத்துக்கும் உள்ள மொத்த சம்பந்தமே அந்த மூன்று தடவை நாற்காலியில் மல்லாந்து கிடந்ததுதான். ஆனால் ஒன்று. மல்லாந்து கிடக்கிறவனால் பேச முடியாதே தவிர, காதில் நிறைய விழும்.

நன்றாகப் படித்தால் மார்க் வரும், படிக்காவிட்டால் வராது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பி.காமைப் பொறுத்தவரை அது சரி. பரீட்சைக்கு முந்தின வாரம் சீனியரிடம் 'இம்பார்ட்டன்ட்' வாங்கி, நாலு ராத்திரி டீ குடித்தால் தீர்ந்தது. பல் படிப்பில் அந்தப் பருப்பு வேகாது. அங்கே புத்தகத்துக்கும் மார்க்குக்கும் நடுவில் மெழுகு, கண்ணாடி, பாஷை, பஸ் டிக்கெட் என்று ஏகப்பட்ட சமாசாரங்கள் உட்கார்ந்திருக்கின்றன.

முதலில் அந்த மூன்றாவது வரி. அதை வெறும் ஊர் வம்பு என்று தள்ளிவிட முடியாது. எம்.பி.பி.எஸ்.ஸுக்கும் பி.டி.எஸ்.ஸுக்கும் இங்கே ஒரே தரவரிசைப் பட்டியல்தான். 2006 வரை நுழைவுத் தேர்வு, அப்புறம் பத்து வருஷம் பிளஸ் டூ மார்க், 2017 முதல் நீட். அளக்கிற படி மாறியதே தவிர வரிசை மாறவில்லை. பெரும்பாலும் எம்.பி.பி.எஸ். கைநழுவிய பிறகுதான் பி.டி.எஸ். ஆகவே முதல் வருஷ வகுப்பில் நிறையப் பேருக்கு உடம்பு மட்டும்தான் வந்திருக்கும். மேலே அனாட்டமி புத்தகம், உள்ளே அடுத்த நீட்டுக்கான கைடு. சில பேர் பாதியில் எழுந்து போயும் விடுகிறார்கள். விரும்பி வந்தவன், விதியே என்று வந்தவன் என்ற வித்தியாசம் முதல் இன்டர்னலிலேயே பளிச்சென்று தெரியும் என்கிறார்கள்.

என் அக்கா மகன் சுத்தமான இரண்டாவது ரகம். முதல் ஆறு மாசம் வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவனை முதல் ரகமாக மாற்றியது ஒரு மெழுகுக் கட்டி.

பி.டி.எஸ். முதல் வருஷத்தில் பல்லின் அமைப்பைப் பற்றி ஒரு பாடம். படித்தால் மட்டும் போதாது, செதுக்க வேண்டும். ஒரு மெழுகுக் கட்டியும் குட்டிக் கத்தியும் கொடுத்து, '16 செய்' என்பார்கள். 16 என்றால் மேல் வலது முதல் கடவாய்ப்பல். (நோயாளியின் வலது. அதாவது டாக்டருக்கு இடது. டெபிட், கிரெடிட்டே குழம்பிய எனக்கு இது ஆகிற காரியமில்லை.) அதில் நாலு குன்று, நடுவே பள்ளத்தாக்கு, சில பேருக்கு ஓரமாக வியன்னாக்காரர் காரபெல்லி பெயரில் ஒரு குட்டி மேடு எல்லாம் இருக்கும். மில்லிமீட்டர் கணக்கில் அத்தனையும் வர வேண்டும்.

இங்கேதான் பிளஸ் டூ புலிகள் ஆடிப்போகிறார்கள். பயாலஜியில் கொட்டிக் கொட்டி மார்க் வாங்கிய ஒரு பெண் செதுக்கிய கடவாய்ப்பல், அச்சு அசலாக இட்லி மாதிரி இருந்ததாம். சாம்பார்தான் பாக்கி. மேஜையிலேயே தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டதாம். நம்ம ஆளோ சும்மா சீவித் தள்ளியிருக்கிறான். எல்லாம் பழைய கை. ஸ்கூலில் சாக்பீஸில் பிள்ளையார் செய்து, கணக்கு வாத்தியாரிடம் குட்டு வாங்கியவன் ஆயிற்றே!

இதில் வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவில் பல் மருத்துவம் படிப்பதற்கான நுழைவுத் தேர்வு 1950-ல் தொடங்கியபோது சாக்பீஸைச் செதுக்குவதும் அதில் ஒரு பகுதி. 1972-ல் அதை எடுத்துவிட்டு, வடிவங்களைப் பார்த்து விடை சொல்கிற காகிதத் தேர்வு வைத்தார்கள். கனடாவில் சோப்புக் கட்டி கொடுத்து ரொம்ப காலம் செதுக்கச் சொன்னார்கள். அங்கே அட்மிஷன் கிடைக்கிற திறமைக்கு இங்கே நடுமண்டையில் குட்டு. நம்ம நீட்டில் கைக்கு வேலையே கிடையாது. ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தைக் கறுப்பாக்கத் தெரிந்தால் போதும்.

பல் கல்லூரி வாத்தியார்களே இதைப் பற்றி உலகம் பூராவும் ஆராய்ந்திருக்கிறார்கள். நுழைவு மார்க்குக்கும் முதல் ரெண்டு வருஷத் தியரி மார்க்குக்கும் ஓரளவு உறவு உண்டு, நோயாளியின் வாயில் கை வைக்க ஆரம்பித்ததும் அந்த உறவு நைந்துபோகிறது என்பதுதான் திரும்பத் திரும்பத் தென்படுகிற சங்கதி.

அப்படியானால் கைராசி பிறவியிலேயே வருவதா? இல்லையாம். அந்த இட்லிப் பெண் அழுது முடித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தினம் காலேஜ் விட்டதும் ஒரு மணி நேரம் லேபில் உட்கார்ந்து மெழுகைச் சீவியிருக்கிறாள். ஒரு இளம் ஆசிரியை பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த ஓரத்தை மட்டும் பாரு, மத்ததை மற" என்று ஒவ்வொரு முனையாகக் காட்டிக் கொடுத்திருக்கிறார். இரண்டாம் வருஷம் முடிவதற்குள் வகுப்பில் முதல் மூன்று கைகளில் அவளுடையது ஒன்று. திட்டுகிற வாத்தியார், காட்டிக்கொடுக்கிற வாத்தியார் என்று இரண்டு ஜாதி உண்டு. ஒரு மாணவனுக்கு இதில் எவர் வாய்க்கிறார் என்பது மார்க்கைப் பாதியாக்கவும் செய்யும், இரட்டிப்பாக்கவும் செய்யும்.

இரண்டாம் வருஷம் ரப்பர் முகம் வைத்த பொம்மைத் தலையில் பயிற்சி. அதற்கு நிஜப் பல் வேண்டும். ஊரில் உள்ள கிளினிக் படியெல்லாம் ஏறி, "சார், பிடுங்கின பல் இருக்கா?" என்று பாட்டிலோடு நிற்பார்கள். அக்கா வீட்டில் அந்த பாட்டில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருந்ததிலிருந்து நான் அங்கே மாங்காய் ஊறுகாய் தொடுவதில்லை.

அப்புறம் கண்ணாடி வேலை. மேல் பல்லின் உட்பக்கம் நேராகக் கண்ணுக்குத் தெரியாது. வாய்க்குள் ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்து, அதில் தெரிகிற பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். எல்லாம் தலைகீழ். பைக்கின் சைடு மிர்ரரைப் பார்த்துக்கொண்டே ஷேவ் பண்ணுகிற மாதிரி. பிளேடுக்குப் பதில் நிமிஷத்துக்கு மூன்று லட்சம் சுற்று சுற்றுகிற ஊசி, அவ்வளவுதான் வித்தியாசம்! எங்கள் அக்கவுன்டன்ஸியில் டிரயல் பேலன்ஸ் டாலி ஆகாவிட்டால் வித்தியாசத்தைச் சஸ்பென்ஸ் அக்கவுன்டில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். பல்லில் அரை மில்லிமீட்டர் அதிகமாகக் குடைந்தால் அதற்கு ரெக்டிபிகேஷன் என்ட்ரி கிடையாது. எனாமல் திரும்ப முளைக்காது.

இடது கைக்காரர்கள் பாடு இன்னும் பேஜார். நாற்காலி, விளக்கு, தட்டு எல்லாமே வலது கை டாக்டருக்கு ஏற்றபடி பொருத்தியவை. கழுத்தை ஒடித்துக்கொண்டு வேலை செய்துவிட்டு, 'ஸ்லோ' என்று பெயரும் வாங்குகிறார்கள்.

பாஷை விஷயத்துக்கு வருவோம். பல்கலைக்கழகத் தேர்வில் தியரியின் 100 மார்க்கை எழுத்துக்கு 70, வைவாவுக்கு 20, இன்டர்னலுக்கு 10 என்று பிரித்திருக்கிறார்கள். தியரியிலும் பிராக்டிகலிலும் தனித்தனியாக 50 சதவீதம் வாங்கினால்தான் பாஸ். அந்த 20 மார்க் வைவா இங்கிலீஷில். 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபின், தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைகள் வெள்ளைக் கோட்டோடு நடமாடுவதைப் பார்க்க முடிகிறது. அதில் ஒருத்தன் என் மருமகனின் ரூம்மேட். விடை தெரியும், வாயில் வராது. எக்ஸாமினர் முன்னால் உட்கார்ந்ததும் அவனுக்கே மரத்துப்போகிற ஊசி போட்ட மாதிரி உதடு தடித்துவிடுமாம்.

அதே பையன் நோயாளிக்கு முன்னால் ராஜா. நம்ம ஜனம் பல்வலியை எப்படிச் சொல்லும்? 'கூசுது' என்பது ஒன்று. 'விண்ணு விண்ணுன்னு தெறிக்குது' என்பது வேறொன்று. ஐஸ் வாட்டர் பட்டால் கூசி, உடனே விட்டுவிட்டால் பெரும்பாலும் அடைத்தே காப்பாற்றலாம். ராத்திரி படுத்தால் விண் விண்ணென்று தெறித்தால் உள்ளே ரத்தக்குழாயும் நரம்பும் இருக்கிற சதை புண்ணாகிவிட்டது, ரூட் கேனாலோ பிடுங்கலோ என்று அர்த்தம். கான்வென்ட் மாணவி, "பெயின் ஷார்ப்பா இருக்கா, டல்லா இருக்கா?" என்று கேட்க, பாட்டி "ஆமாம்மா" என்று இரண்டுக்கும் தலையாட்டியிருக்கிறாள். ரூம்மேட் போய், "ஆத்தா, ராத்திரி தூங்க விடுதா?" என்று ஒரே கேள்விதான். நோய் பிடிபட்டுவிட்டது. இதற்கு ஒரு மார்க் போட மார்க் ஷீட்டில் இடமில்லை.

இதெல்லாம் இருக்கட்டும். நிஜமான வில்லன் இனிமேல்தான் வருகிறான். அவன் பெயர் கோட்டா.

நீங்கள் நினைக்கிற கோட்டா இல்லை. மூன்றாம், நாலாம் வருஷங்களில் ஒவ்வொரு மாணவனும் இத்தனை பல் பிடுங்க வேண்டும், இத்தனை அடைக்க வேண்டும், இத்தனை பேருக்கு கிளீனிங், இத்தனை பேருக்கு முழு செட் என்று ஒரு கணக்கு இருக்கிறது. முடித்தால்தான் இன்டர்னல் மார்க், பரீட்சைக்கு அனுமதி. கடைசி வருஷம் எட்டு பாடம். எட்டுக்கும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்கித் திரிய வேண்டும். 1980-ல் அமெரிக்காவில் பல் மாணவர்களை எது வாட்டுகிறது என்று கேட்டறிய ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். அதன் வழியில் எத்தனையோ நாடுகளில் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். பரீட்சை பயத்தோடு தோளில் கை போட்டுக்கொண்டு வருவது இந்தக் கோட்டா கவலைதான்.

கோட்டா முடிக்கத் திறமை மட்டும் போதாது, சொத்தைப் பல்லோடு ஒரு மனுஷர் வர வேண்டும். சென்னையில் கோட்டை ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிற அரசு பல் மருத்துவக் கல்லூரி, 1953-ல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜின் ஒரு பிரிவாக ஆரம்பித்தது. அங்கே ரயிலிலிருந்து இறங்கி நேரே வரிசையில் நிற்கிற ஜனம் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் அரசு பல் கல்லூரிகள் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும். தனியார் கல்லூரிகள் அதைவிடப் பல மடங்கு. அவற்றில் பல, ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரம். அங்கே சொத்தைப் பல்லோடு வழி தப்பி வர மாடுகூட இருக்காது. வேன் அனுப்பி, கிராமத்தில் கேம்ப் போட்டு, ஆளைக் கூட்டி வர வேண்டும். வேன் வராத நாளில் முப்பது மாணவர்கள் முப்பது காலி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு போனைத் தடவிக்கொண்டிருப்பார்கள். ஒரே பல்கலைக்கழகம், ஒரே கேள்வித்தாள். நாற்காலியில் ஆள் இருப்பதும் இல்லாததும் அவரவர் காலேஜின் பூகோளம்.

அதனால் பிள்ளைகள் வேட்டைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். என் மருமகன் கல்யாண வீட்டில் சாப்பாட்டைப் பார்ப்பதில்லை, சாப்பிடுகிறவர் வாயைப் பார்க்கிறான். ஒரு நிச்சயதார்த்தத்தில் என் காதைக் கடித்தான்.

"மாமா, அந்த நீலச் சட்டைப் பெரியப்பாவுக்கு மேலே ஒண்ணுமே இல்ல, கவனிச்சீங்களா?"

"டேய், அவர் பொண்ணு வீட்டுக்காரர்டா."

"அதனால என்ன மாமா? கீழேயும் இல்லேன்னா சொல்லுங்க, நான் பேசிக்கறேன்."

என்னையும் விடவில்லை. "மாமா, உங்களுக்குச் சொத்தை இருக்கா?" என்று அவன் கேட்டபோது குரலில் இருந்த ஆசை, என் பெண்டாட்டி குரலில்கூட நான் கேட்டதில்லை. இருந்தது. அதுவும் அவனுக்குத் தேவைப்பட்ட அதே இடுக்கில். பயல் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

ஆனால் கோட்டாவில் சிகரம், முழு பல் செட். முதலில் ஒரு அச்சு எடுக்க வேண்டும். அதை வைத்து அவர் வாய்க்கென்றே ஒரு டிரே செய்து, பச்சைக் குச்சி ஒன்றைத் தீயில் இளக்கி ஓரங்களைச் சரிபார்த்து, இரண்டாவது அச்சு. பிறகு மேல் தாடைக்கும் கீழ் தாடைக்கும் மெழுகில் டாலி பார்க்க வேண்டும். அப்புறம் பல்லை அடுக்கி ஒத்திகை, கடைசியில் மாட்டி விடுவது. குறைந்தது ஐந்து, ஆறு தடவை அதே ஆள் வர வேண்டும். பைனல் பிராக்டிகலுக்கும் அவரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டியது மாணவன் பொறுப்பு.

என் மருமகன் தன் தாத்தாவைப் பிடித்தது பஸ் ஸ்டாண்டு டீக்கடையில். பன்னை டீயில் முக்கி முக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பார்த்ததும் பயல் துப்பறிந்துவிட்டான். போக வர பஸ் சார்ஜ், காலையில் நாலு இட்லி, மத்தியானம் தயிர் சாதம் எல்லாம் இவன் செலவு. தவறாமல் வந்தார். டிரே ரெடி. அப்படி ஒரு டிரே இந்த பேட்ச்சில் யாரும் செய்யவில்லை என்று வாத்தியாரே வாய்விட்டுச் சொன்னாராம்.

பரீட்சை அன்று காலை ஏழரை மணிக்குத் தாத்தாவின் பேரன் போன் செய்தான். ராத்திரி தாத்தாவின் தம்பி காலமாகிவிட்டார்.

"தாத்தா கேக்கறாரு... எடுத்ததும் ஓடியாந்துரட்டுமான்னு."

எடுக்க மத்தியானம் ஆகும். பரீட்சை ஒன்பதுக்கு. ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை என்றான் என்னிடம். அப்புறம், "வேண்டாம்னு சொல்லுங்கண்ணே. தாத்தா அங்கேயே இருக்கட்டும்" என்று வைத்துவிட்டான்.

நோயாளி இல்லை என்றால் பிராக்டிகல் இல்லை. பிராக்டிகல் இல்லை என்றால் பெயில். அப்புறம் சப்ளிமென்டரி வரை சில மாதம் வீட்டில் உட்கார வேண்டும். கூடப் படித்தவன் எல்லாம் இன்டர்ன்ஷிப் போய்விடுவான். மண்டபத்தில் மூன்றாவது வரிக்குப் பிறகு நாலாவது வரியும் சேர்ந்துகொள்ளும். ஹால் வாசலில் காலி டிரேயோடு நின்றிருந்தவனிடம் அந்த இட்லிப் பெண் வந்தாள். அவளிடம் இரண்டு பேர். ஒருத்தர் வராவிட்டால் இருக்கட்டும் என்று ஸ்பேராக ஒரு பாட்டியையும் தயார் செய்து வைத்திருந்தாள், டிரே உள்பட.

"இந்தப் பாட்டியை நீ எடுத்துக்கோ. கீழ் ஈறு தேஞ்சு தட்டையா இருக்கும், பார்த்துக்கோ."

முன்பின் பார்த்திராத வாய், வேறொருத்தர் செய்த டிரே. 52 வந்தது. பாஸ்.

மார்க் ஷீட்டை அக்கா காட்டினாள். "மத்ததுல எல்லாம் நல்லாத்தான் வாங்கியிருக்கான். இதுல மட்டும் ஏன்டா இப்படி?" என்றாள். யாராவது வேலை கொடுக்கும்போதும், மேல்படிப்புக்குப் போகும்போதும் அதே கேள்வியைக் கேட்கப்போகிறார்கள். 52 என்கிற எண்ணுக்குள் தாத்தாவின் தம்பி செத்துப்போனதோ, "வேண்டாம், அங்கேயே இருக்கட்டும்" என்று ஒரு பையன் சொன்னதோ எங்கேயும் எழுதியிருக்காது. பக்கத்து மேஜையில் 70 வாங்கியவன், பஸ் சார்ஜோடு கையில் கொஞ்சம் காசும் வைத்துத் தன் ஆளை முந்தின நாளே லாட்ஜில் தங்க வைத்திருந்தான் என்பதும்தான்.

ஒரு பி.காம்.காரனாக எனக்கு இது புரியவில்லை. ஆஸ்பத்திரி காலேஜுடையது, நோயாளிச் சீட்டு காலேஜுடையது. பரீட்சை நாளில் நோயாளியை ஏற்பாடு செய்கிற வேலை மட்டும் எப்படி இருபத்திரண்டு வயசுப் பையனுடையது ஆயிற்று? ஸ்டாக் வாங்கி வைக்க வேண்டியவர் முதலாளி. விற்பனைப் பையனிடம், 'சரக்கையும் நீயே கொண்டு வா, இல்லாவிட்டால் சம்பளம் கிடையாது' என்று எந்தக் கடையிலும் சொல்ல மாட்டார்கள். ஆஸ்பத்திரியே ஒரு பட்டியல் வைத்து, செட் தேவைப்படுகிறவர்களுக்குத் தேதி கொடுத்து, சீட்டுக் குலுக்கி மாணவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் அளப்பது கையை மட்டும் என்றாவது ஆகும். இப்போது அளப்பதில் பாதி பர்ஸ். வைவாவில் ஒரு கேள்வியைத் தமிழில் கேட்டாலும் குடி முழுகிவிடாது. நாளைக்கு அந்தப் பிள்ளை காலம் பூராவும் தமிழில்தானே 'ஆ காட்டுங்க' என்று சொல்லப்போகிறது?

தாத்தா பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தானாகவே வந்தார். பரீட்சை முடிந்துவிட்டது, இனி அவர் வந்தாலும் மார்க் கிடையாது. பயல் இன்டர்ன்ஷிப்பின் முதல் மாசத்தில் மிச்ச வேலையை முடித்து, செட்டை மாட்டிவிட்டான். கொஞ்ச நாள் கெட்டியாக எதுவும் கடிக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். மறு வாரமே முறுக்குப் பொட்டலத்தோடு வந்து நின்றார், தின்று காட்டுவதற்காக.

கூடவே பொக்கை வாயோடு இன்னொரு பெரியவர்.

"என் மச்சினன். இவனுக்கு மேலே கீழே ஒண்ணுமே கிடையாது. நல்ல ஆரோக்கியம், வீட்ல யாருக்கும் சீக்கு இல்ல. அடுத்த வருஷப் பசங்க யாருக்காச்சும் சொல்லி வையி தம்பி."